பளிச் டயலைப் பார்த்து ஏமாறாதீர்கள்

கை அசைவிலேயே சாவி ஏறுகிற பழைய சுவிஸ் ஆட்டோமேட்டிக் வாட்ச் சேர்க்க ஆசை வந்ததும் எல்லோரும் ஆன்லைனில்தான் போய் விழுகிறார்கள். டெல்டாக்காரர்களுக்கு அது எதற்கு? கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் சபுராளிகள், அதாவது வெளிநாடு போய்ச் சம்பாதித்தவர்கள், கட்டிக்கொண்டு வந்த ராடோவும் டிட்டோனியும் இன்னமும் பீரோவுக்குள் ஓடாமல் கிடக்கின்றன. தெரிந்தவர்களிடம் சொல்லி வையுங்கள்.

கைக்கு வந்ததும் முதலில் டயல். புதுசு போல மின்னினால் மறுபடி பெயின்ட் அடித்ததாக இருக்கலாம், நம் ஊர்ச் சந்தையில் அது ரொம்ப சகஜம். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: எழுத்தின் ஓரம் பிசிறடிக்கிறதா, நிமிஷக் கோடுகள் ஒரே சீராக இருக்கின்றனவா? 6 மணிக்குக் கீழே ‘ஸ்விஸ் மேட்’ என்பதற்கு இருபுறமும் ‘டி’ இருந்தால் இருட்டில் ஒளிரும் ட்ரிட்டியம் பூச்சு என்று அர்த்தம். அதன் வீரியம் சுமார் 12 வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும், அதனால் 1970களின் வாட்ச் இருட்டில் ஜெகஜ்ஜோதியாக ஒளிர்ந்தால் யாரோ பிற்பாடு பூசியிருக்கிறார்கள். ராடோ ஆட்டோமேட்டிக் என்றால் டயலில் இருக்கும் குட்டி நங்கூரத்தைக் கவனியுங்கள், வாட்ச்சைச் சாய்க்கச் சாய்க்க அதுவும் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் உடனே போலி என்று சொல்லிவிட முடியாது, எண்ணெய் காய்ந்தும் நின்றிருக்கலாம், ஆனால் ஒட்டவைத்த நங்கூரம் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். என்னைக் கேட்டால், லேசாகப் பழுத்த ஒரிஜினல் டயலுக்குக் கூடுதலாகவே கொடுக்கலாம்.

ஃபாவர் லூபா சீ சீஃப் அழகான வாட்ச்தான், ஆனால் அது சாவி கொடுக்கிற ரகம். ஆட்டோமேட்டிக் என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள்.

பணம் கொடுக்கும் முன் பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ வயதான மெக்கானிக் ஒருவரைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. சாவி ஏற்றச் சுழலும் எடைத்தகடான ரோட்டர், கேஸில் உரசிய தடம், ஸ்க்ரூ தலையில் கீறல், துரு, இந்த மூன்றையும் அவர் பார்த்துவிடுவார். ஓடினாலும் சர்வீஸ் செய்யாமல் கட்டாதீர்கள், காய்ந்த எண்ணெயில் ஓடினால் பல்சக்கரம் தேயும். சர்வீஸ் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

அப்புறம், உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் எப்போதோ இறுகிப் போயிருக்கும், மூடியில் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று எழுதியிருப்பதை நம்பி ஐப்பசி மழையில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். ராத்திரி 9 மணியிலிருந்து 3 மணி வரை தேதியைத் திருகவும் வேண்டாம், அப்போது தேதி மாற்றும் சக்கரம் கோத்திருக்கும், பல் உடைந்தால் அதற்கு உதிரி தேடி அலைய வேண்டியிருக்கும்.