மார்க் ஆஃப் தி நிஞ்ஜா: புதிதாக ஆடுபவர்கள் செய்யும் தவறுகள்

நிஞ்ஜா கேம் என்றதும் கை முதலில் வாளைத்தான் தேடும். எதிரி கண்ணில் படாமல் மறைந்து ஆட வேண்டிய மார்க் ஆஃப் தி நிஞ்ஜாவைப் பாதியில் விட்டவர்கள் பலரும் சொல்லும் புகார் ஒன்றுதான்: சண்டை சரியில்லை, நாலு தோட்டா படுவதற்குள் ஆள் காலி. புகாரில் உண்மை இருக்கிறது. கனடாவின் வான்கூவரில் இருக்கும் க்ளெய் என்டர்டெயின்மென்ட் இதற்கு முன் செய்த ஷாங்க் முழுக்க முழுக்க அடிதடி கேம். 2012இல் இந்த நிஞ்ஜாவைக் கொண்டுவந்தபோது அதே நிறுவனம் நேரடிச் சண்டையை வேண்டுமென்றே பலவீனமாக வைத்தது. காவலாளியை நேருக்கு நேர் அடித்தால் சாகமாட்டான், கீழே விழுவான். விழுந்தவனைத் தனியாக முடிக்க வேண்டும். அதற்குள் அடுத்தவன் சுட ஆரம்பித்துவிடுவான்.

ஆகவே முதல் தவறு, மாட்டிக்கொண்டதும் நின்று சண்டை போடுவது. உங்களைக் கண்ட இடத்தில் உங்கள் நிழலுருவம் ஒன்று திரையில் நிற்கும். காவலாளிகளுக்குத் தெரிந்த உங்கள் கடைசி இடம் அது. அதை நோக்கித்தான் வருவார்கள். நீங்கள் அங்கே இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கொக்கியை வீசி மேலே ஏறிவிட்டால், ஆளில்லாத இடத்தைச் சுற்றி அவர்கள் தேடுவதை மேலிருந்து பார்க்கலாம். பிடிபடுவதும் ஆட்டத்தின் ஒரு பகுதிதான். உடனே செக்பாயிண்டுக்கு, அதாவது ஆட்டம் கடைசியாகப் பதிவான இடத்துக்கு, திரும்புகிறவர்கள் தப்பிக்கும் கலையைக் கற்றுக்கொள்வதே இல்லை.

இந்த கேமின் மிகப் பெரிய பலம், அது எதையும் ஒளித்து வைப்பதில்லை. பழைய மறைந்தாடும் கேம்களில் பாதி நேரம் ஊகத்தில் போகும். 1998இல் வந்த டென்ச்சூ என்ற நிஞ்ஜா கேமில் எதிரி எவ்வளவு அருகில் இருக்கிறான் என்பதை ஓர் எண்தான் சொல்லும். மற்றதை நீங்களே கணக்குப் போட வேண்டும். இங்கே ஓடினால் காலடியிலிருந்து ஒரு வட்டம் விரியும். அந்த வட்டத்துக்குள் இருப்பவனுக்குக் கேட்கும், வெளியே இருப்பவனுக்குக் கேட்காது. இருட்டில் நின்றால் உங்கள் ஆள் கறுப்பு உருவமாக, பச்சை குத்திய சிவப்புக் கோடுகளோடு மட்டும் தெரிவான். வெளிச்சத்துக்கு வந்தால் முழு வண்ணமும் வந்துவிடும். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

ஆனால் அதை நம்பாமல் ஆடுவதுதான் பரவலான தவறு. கறுப்பாகத் தெரியும்போதும் பயந்து பின்வாங்குகிறவர்கள் நிறைய. சாதாரணக் காவலாளி சில அடி தூரத்தில் நின்றாலும், நீங்கள் இருட்டில் இருக்கும்வரை பார்க்கமாட்டான். மோப்பம் பிடிக்கும் நாயும், வேட்டைக்காரர்கள் என்ற சிறப்பு எதிரிகளும் வரும்போது கவனம் வேண்டும். மற்றவர்கள் விஷயத்தில் திரை சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். சத்தத்துக்கும் இதே கதைதான். விளக்கை உடைக்கக் குறிவைக்கும்போதே, உடைந்தால் சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்று வட்டம் காட்டிவிடும். அதைப் பார்க்காமல் எறிந்துவிட்டு, "அவனுக்கு எப்படிக் கேட்டது?" என்று கோபப்படுவதில் பயனில்லை.

அப்புறம் அவசரம். குறிவைக்கும் பொத்தானைப் பிடித்திருக்கும்வரை காலம் அப்படியே நிற்கும். ஒரு கேம் உங்களுக்கு இதைவிடப் பெரிய சலுகை தர முடியாது! விளக்கு, மணி, காவலாளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இலக்குகளை அந்த நிலையிலேயே குறித்துவிட்டுப் பொத்தானை விடலாம். இருந்தும் பலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, துப்பாக்கி கேம் ஆடுவதுபோல அவசரமாக எறிகிறார்கள். கொல்லும்போதும் அப்படித்தான். மறைவிலிருந்து தாக்கினால் திரையில் ஒரு திசை காட்டப்படும். அந்தத் திசையை அழுத்த வேண்டும். தவறினால் ஆள் அலறுவான், சத்தம் பரவும். நிதானமாகப் பார்த்து அழுத்துகிறவர்களுக்கு இது சிரமமே இல்லை.

கொல்வதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லாரையும் கொன்றால்தான் ஸ்கோர் ஏறும் என்று நினைப்பது தவறு. காவலாளியின் கண்ணில் படாமல் கடந்து போனாலும் புள்ளி உண்டு, ஒருவரையும் கொல்லாமல் லெவலை முடித்தால் கடைசியில் தனி போனஸும் உண்டு. உடலைக் கண்ணில் படும்படி விட்டுவிட்டால் வேறொருவன் பார்த்துப் பரபரப்பாகிவிடுவான். அதனால் கொன்றால் மறையுங்கள், அல்லது வேண்டுமென்றே காட்டுங்கள். மேலிருந்து உடலைத் தொங்கவிட்டால் அதைப் பார்ப்பவன் மிரண்டுபோய், எதிரில் வரும் கூட்டாளியையே சுடுவான். பயத்தை ஆயுதமாக்கும் இந்த யோசனை எனக்கு இந்த கேமில் ரொம்பப் பிடித்தது.

இங்கே ஒரு நிஜமான குறையும் உண்டு. 2012இல் வந்த மூல கேமில், ஒருவனைக் கொல்லாமல் மயக்கிப் போட வழியில்லை. கொல்ல விரும்பாதவர்கள் ஒதுங்கிப் போகத்தான் முடியும். டோசான் என்ற கிழவரின் கதையாக 2013இல் வந்த கூடுதல் பகுதியில்தான் மயக்கும் வித்தை சேர்ந்தது. ஆகவே கொல்லாமல் ஆட நினைப்பவர்கள் ஆரம்பத்தில் கிடைக்கும் உடையிலேயே கடைசிவரை ஓட்டக் கூடாது. வாளே இல்லாமல், ஓடினாலும் சத்தம் வராத, திசைதிருப்பும் கருவிகள் இரண்டைச் சுமக்கக்கூடிய உடை ஒன்று பின்னால் திறக்கும். அதைப் போட்டதும் பழைய லெவலே வேறு கேம் ஆகிவிடும். வாள் போய்விடுமே என்று அதைத் தொடாமல் விடுவது பெரிய நஷ்டம்.

கட்டுப்பாட்டில் உள்ள குறையையும் மறைக்க வேண்டியதில்லை. ஒரே பொத்தானுக்குப் பல வேலைகள். கதவருகே உடல் கிடந்தால், ஒளிய நினைத்து அழுத்துவீர்கள். உங்கள் நிஞ்ஜா உடலைத் தூக்குவான். சுவர் ஓரமாக நடக்க நினைத்தால் சுவரில் ஒட்டிக்கொள்வான். இதற்கு ஒரே தீர்வு, கொல்வதற்கு முன்பே இடத்தைத் தேர்ந்தெடுப்பது: கதவுக்கும் செடி மறைவுக்கும் இரண்டடி தள்ளி வேலையை முடியுங்கள். கீபோர்டில் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். கன்ட்ரோலர் இருந்தால் அதையே எடுங்கள். கதையும் அப்படியொன்றும் ஆழமில்லை. ஹிசோமு குலம், குரு அசாய், கூட வரும் ஓரா, துரோகம் என்று ஓரளவு ஊகிக்கக்கூடிய பாதைதான். முடிவில் நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு மட்டும் யோசிக்க வைக்கும்.

முடித்தவர்கள் செய்யும் தவறு, முடித்தபின் திறக்கும் நியூ கேம் பிளஸை வெறும் கடினமான மறுஆட்டம் என்று ஒதுக்குவது. அதில் சத்தத்தின் வட்டங்கள் காட்டப்படாது, நீங்கள் திரும்பியிருக்கும் பக்கம் மட்டுமே தெரியும். முதல் ஆட்டத்தில் வட்டங்களைக் கவனித்து ஆடியவருக்கு எந்தச் செயலுக்கு எவ்வளவு சத்தம் என்பது அதற்குள் மனப்பாடம் ஆகியிருக்கும். கவனிக்காமல் வாளை நம்பி முடித்தவர் நேராக அதில் இறங்க வேண்டாம். முதல் சில லெவல்களைச் சாதாரண முறையில் யார் கண்ணிலும் படாமல் ஒருமுறை முடித்துவிட்டு அப்புறம் போகலாம்.