சிரிப்பு வரவைக்கும் ஊர்ப் பெயருக்குக் காரணம் தேடுவது எப்படி?

என் அம்மா பிறந்த ஊரின் பெயரைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். கல்யாணமான புதிதில் ஊரைச் சொல்லவே கூசியதாக அம்மா சொல்வார். அந்தக் கூச்சத்தைப் போக்கத்தான் நான் ஊர்ப் பெயர்களைத் தேட ஆரம்பித்தேன். உங்கள் ஊருக்கும் அப்படி ஒரு பெயர் இருந்தால், நான் செய்கிற மாதிரி செய்து பாருங்கள்.

முதலில் பெயரின் வாலைப் பிடியுங்கள். தலைப்பகுதிதான் சிரிக்க வைக்கும். விஷயம் பெரும்பாலும் கடைசியில் இருக்கும். ஏந்தல், தாங்கல், ஊருணி என்று முடிந்தால் அங்கே ஒரு நீர்நிலை இருந்திருக்கிறது. வேடந்தாங்கலில் இன்றைக்கும் பறவைகள் இறங்குவது அந்த ஏரியில்தான். மங்கலம் என்றால் பெரும்பாலும் பிராமணர்களுக்குத் தானமாக விட்ட ஊர். சத்திரம், சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கிய இடம்.

அடுத்து, பெயரை வாய்விட்டுப் பிரித்துச் சொல்லுங்கள். இதில் அவசரப்படவே கூடாது. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகும் வழியில், தூசிக்குப் பக்கத்தில் குரங்கணில்முட்டம் என்று ஒரு சின்ன ஊர். திருவண்ணாமலை மாவட்டம். பல்லவர் குடைந்த குடைவரை ஒன்றும், சம்பந்தர் பாடிய வாலீசுவரர் கோயிலும் அங்கே உண்டு. குரங்கு, அணில், முட்டம் என்று மூன்றாகப் பிரிப்பார்கள். முட்டம் என்றால் காகம். வாலி குரங்காகவும், இந்திரன் அணிலாகவும், எமன் காகமாகவும் வந்து வழிபட்டதாகத் தலபுராணம். தேவாரத்தில் இதே பெயர் ‘குரங்கணின்முட்டம்’ என்று வரும். கல்லும் மலையும் சேர்ந்தால் கன்மலை ஆகிறதே, அதே புணர்ச்சிதான். ஆனால் அந்த ‘ன்’னைப் பார்த்து, குரங்கணி என்ற இடத்தின் முட்டம் என்றும் ஒருவர் பிரிக்கலாம். முட்டம் என்பது தனியாகவும் ஊர்ப் பெயராக வரும்: குமரிக் கடற்கரையில் ஒரு முட்டம் இருக்கிறது, கோவைக்கு மேற்கேயும் ஒன்று இருக்கிறது. அதனால் தலபுராணத்தை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், பக்கத்தில் மற்றப் பிரிப்பையும் எழுதுங்கள். ஒன்றுக்காக இன்னொன்றை அடிக்காதீர்கள்.

அப்புறம் வீட்டுப் பெட்டியைத் திறங்கள். பழைய கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதியிருக்கும். ‘வடக்கே இன்ன குளத்துக் கரை, கிழக்கே இன்ன புஞ்சை’ என்று வரும் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தூர்ந்துபோன குளங்கள் அந்தத் தாளில் மட்டும் மிச்சம் இருக்கும்.

கோயிலில் கல்வெட்டு இருந்தால் அதன் பாடம், அதாவது அதில் வெட்டியிருக்கும் வாசகம், அச்சாகியிருக்கிறதா என்று மாவட்டக் கல்வெட்டுத் தொகுதிகளில் பாருங்கள். பாடத்தில் ‘ஆன’ என்ற சொல்லைத் தேடுங்கள். அரசன் புதுப்பெயர் வைத்தபோது ‘பழைய பெயரான புதுப்பெயர்’ என்று இரண்டையும் சேர்த்தே வெட்டியிருப்பார்கள்.

பெரியவர்களிடம் போகும்போது ‘ஏன் இந்தப் பெயர்?’ என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். கேட்டால் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். ஆடு மேய்த்தவரைத் தேடிப் பிடித்து, ‘எந்த மேட்டில் என்ன செடி நின்றது, மழைக்குத் தண்ணீர் எங்கே தேங்கும்?’ என்று கேளுங்கள். அம்மாவின் ஊரில் ஒரு பாட்டி எனக்குப் பதில் சொல்லாமல் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். பெயரில் இருக்கும் செடி, கண்மாய்க் கரையில் முழங்கால் உயரத்துக்கு நின்றது. ஒரு கிளையை ஒடித்து, முகர்ந்து பார் என்று கையில் கொடுத்தார். சிரித்தவர்கள் அதை ஒரு விலங்கின் பெயர் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

கடைசியாக, பெரியவர்கள் பெயரைச் சொல்லும் விதத்தைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி ஆணை வெளியிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. உச்சரிப்பை எழுத்தில் பிடிப்பது அவ்வளவு சிரமம். அம்மா சொல்லும்போது எங்கள் ஊரின் இரண்டாவது எழுத்து நெடிலாக இழுபடும். பேருந்துப் பலகையில் அது குறில்.