ஆசாரி அங்குலத்தில் கேட்பார், ஃப்ரிட்ஜ் மில்லிமீட்டரில் வரும்

பெங்களூரில் வீட்டு மரவேலை தொடங்கப் போகிறீர்களா? பிளைவுட் விலை விசாரிப்பதற்கு முன்னால் அளவு விஷயத்தை ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். எங்கள் ஃப்ரிட்ஜின் அகலம் 695 மி.மீ. என்று போட்டிருந்தது, நான் அதை 25.4-ஆல் வகுத்து, 27.36 வந்ததும் 27 அங்குலம் என்று ஆசாரியிடம் சொல்லிவிட்டேன், அவரும் கச்சிதமாக 27-க்கே அடைப்பு செய்து முடித்தார். ஃப்ரிட்ஜ் நுழையவில்லை. பக்கப் பலகையைக் கழற்றி மறுபடி செய்ய ஒரு நாள் கூலி போனது.

நம் ஊர் ஆசாரிகள் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் நூல் என்பார்கள். இங்கே வேலைக்கு வருகிறவர்களில் பலர் வடக்கத்திக்காரர்கள், அவர்கள் சூத் என்பார்கள். அதற்கும் நூல் என்றுதான் அர்த்தம், அளவும் அதேதான், 3.175 மி.மீ. நான் 27 அங்குலம் 3 நூல் என்று சொல்லியிருந்தால் 695 சரியாக வந்திருக்கும். அதற்கு மேல் காற்றுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று ஃப்ரிட்ஜோடு வரும் கையேட்டில் இருக்கும், அதையும் கூட்டிச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால், முடிந்தவரை மாற்றவே மாற்றாதீர்கள். டேப்பில் ஒரு ஓரம் அங்குலம், மறு ஓரம் சென்டிமீட்டர். 69.5-ல் விரலை வைத்து ஆசாரியிடம் காட்டினால் அவர் தன் பக்கத்தைப் படித்துக்கொள்வார், கணக்குக்கே வேலையில்லை. தவிர்க்க முடியாமல் முழு எண்ணாக்க வேண்டி வந்தால், ஒரு பொருள் உள்ளே போகிற இடத்தைக் கூட்டிச் சொல்லுங்கள், அதற்குள் பொருந்தும்படி ஆசாரி செய்கிற பொருளைக் குறைத்துச் சொல்லுங்கள்.

பிளைவுட் கடையில் "8-க்கு 4, 18 எம்எம்" என்று இரண்டு முறையையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். அது பழகிவிடும்.

டைல்ஸ்தான் ஏமாற்றும். 2-க்கு 2 என்று விற்கிறார்கள், ஆனால் பெட்டியில் 600 மி.மீ. என்றுதான் இருக்கும், 2 அடி என்பது 609.6. ஒரு டைலில் ஒரு சென்டிமீட்டர் கூட இல்லையே என்று தோன்றும், ஆனால் 20 அடி நீள ஹாலில் 10 டைல் போட்டால் கடைசியில் 9.6 செ.மீ. இடம் வெறுமையாக நிற்கும், இடைவெளி விட்டுப் பதித்தாலும் அது முழுதாக மூடாது. 20-க்கு 12 ஹாலுக்கு அடிக்கணக்கில் 60 டைல் என்று வரும், உண்மையில் பரப்புக்கே 62 வேண்டும், வெட்டும்போது உடைவதற்குப் பத்து சதவீதம் சேர்த்து 68 வாங்குங்கள். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் அதே நிறம் கிடைக்காமல் போகலாம்.

இதே குழப்பம் மனையிலும் உண்டு. பெங்களூரில் சைட் என்றால் 30-க்கு 40, அதாவது 1200 சதுர அடி. இரண்டு சைட் சேர்ந்தால் சென்னைக்காரர்களின் ஒரு கிரவுண்ட். நகரத்தைத் தாண்டினால் குண்டே கணக்கு வந்துவிடும். ஒரு குண்டே 1089 சதுர அடி, நம் கணக்கில் இரண்டரை சென்ட், 40 குண்டே ஒரு ஏக்கர். பத்திரத்தில் சதுர மீட்டர் போட்டிருந்தால் 10.764-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 30-க்கு 40 சைட்டுக்கு அங்கே 111.48 என்று இருக்க வேண்டும், அதற்குக் குறைந்தால் முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள்.