பென்டிரைவைச் செருகுவதற்கு முன்

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை ராத்திரி, பதினொரு மணிக்கு மேல், மூன்றாவது மாடிப் பையன் லேப்டாப்பைத் திறந்தபடியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து நின்றான். திரை முழுக்க நீலம். நடுவில் ஒரு கட்டம். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர், அதைத் திறக்க ரிக்கவரி கீ கேட்கிறது.

"அங்கிள், நான் எதையும் அழிக்கல. உபுண்டு நல்லா ஓடுது. விண்டோஸுக்குப் போனா மட்டும் இப்படிக் கேக்குது. திங்கக்கிழமை ப்ராஜெக்ட் ரிவ்யூ."

அவன் சொன்னதில் பொய் இல்லை. உபுண்டு என்ற லினக்ஸ் வகையை, விண்டோஸுக்குப் பக்கத்திலேயே, சரியாகத்தான் போட்டிருந்தான். கோட்டை விட்டது அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில். விண்டோஸோடு லினக்ஸையும் வைக்கப் போய் மாட்டிக்கொண்டவர்களை வேளச்சேரி, தாம்பரம் பக்கம் நிறையப் பார்த்துவிட்டேன். லினக்ஸ் இன்ஸ்டாலரால் கெட்டது குறைவு. விண்டோஸுக்குள் முடித்துவிட்டு வர வேண்டிய வேலைகளை விட்டுவிட்டுப் பென்டிரைவைச் செருகியதால் கெட்டதே அதிகம்.

இப்போது வரும் லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கைப் போட்டு உள்ளே நுழைந்தாலே, யாரையும் கேட்காமல் டிஸ்க் பூட்டிக்கொள்கிறது. முன்பு சில மாடல்களில் மட்டும் இருந்த இந்த வழக்கம், 2024இல் வந்த விண்டோஸ் 11 24எச்2 பதிப்புக்குப் பிறகு இன்னும் பரவிவிட்டது. பூட்டின் சாவி, லேப்டாப்புக்குள் இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு சிப்பின் பொறுப்பில் இருக்கும். கணினி வழக்கமான வழியில் பூட் ஆனால் சிப் சத்தமில்லாமல் கொடுத்துவிடும். நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் செக்யூர் பூட் அமைப்பை அணைத்தாலோ பூட் ஆகும் வழி மாறினாலோ கொடுக்க மறுத்துவிடும். பையன் ஏதோ வீடியோவைப் பார்த்து செக்யூர் பூட்டை அணைத்திருந்தான். இன்ஸ்டாலர் காட்டிய பிட்லாக்கர் எச்சரிக்கையையும், டிஸ்க்கைக் கையால் பிரிக்கும் மேனுவல் வழியில் போய்த் தாண்டியிருந்தான்.

இந்த நிலையில் 48 இலக்க எண் ஒன்று வேண்டும், ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி. பெரும்பாலும் அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். எந்தக் கணக்கு என்பதில்தான் சிக்கல். அவன் லேப்டாப்பை வாங்கின இடத்திலேயே யாரோ அவசரமாக செட்டப் செய்து கொடுத்திருக்கிறார்கள், அப்பாவின் பழைய மெயிலைப் போட்டு. அப்பாவை எழுப்பி, மறந்துபோன பாஸ்வேர்டை மீட்டு, ஓடிபி வந்து, நான் எண்களை வாசிக்க அவன் தட்ட, விண்டோஸ் திறந்தபோது மணி ஒன்றேகால்.

ஆகவே முதல் வேலையாக செட்டிங்ஸில் டிவைஸ் என்க்ரிப்ஷன், அதாவது அந்தப் பூட்டு, ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதுங்கள். அதே லேப்டாப்பில் ஒரு ஃபைலாகச் சேமிப்பவர்களும் உண்டு, பீரோ சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டுகிற மாதிரி. என்னைக் கேட்டால், பார்ட்டிஷனில், அதாவது டிஸ்க்கின் பிரிவுகளில், கை வைக்கும் முன் என்க்ரிப்ஷனையே எடுத்துவிடுவேன். நேரம் பிடிக்கும், பரவாயில்லை. வேண்டிய ஃபைல்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைப்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்தது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8 காலத்திலிருந்தே 'ஷட் டவுன்' கொடுத்தால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. தன் மையப் பகுதியான கெர்னலின் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அரைத் தூக்கத்துக்குப் போகிறது. அந்த நேரத்தில் லினக்ஸ் வழியாக சி டிரைவில் எதையாவது எழுதினால் ஃபைல்கள் சிதைய வாய்ப்புண்டு. அதனால் லினக்ஸ் பெரும்பாலும் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. "காப்பி பண்ணா பேஸ்ட் ஆக மாட்டேங்குது" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் பவர் பட்டன் அமைப்பு இருக்கும், அங்கே அந்த டிக்கை எடுத்துவிட்டால் போதும்.

இடம் ஒதுக்குவதையும் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்துவிடுங்கள். உபுண்டு 25 ஜிபி கேட்கும். அதை நம்பி 25 கொடுத்தவர்கள் ஆறு மாதத்தில் திரும்ப வருகிறார்கள். 60 ஜிபியாவது கொடுங்கள். சி டிரைவில் 200 ஜிபி காலியாக இருக்கும், ஆனால் 15 ஜிபிக்கு மேல் சுருக்க முடியாது என்று விண்டோஸ் சொல்லும். நகர்த்த முடியாத ஃபைல்கள் நடுவில் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். ஹைபர்னேஷன், பேஜ் ஃபைல், சிஸ்டம் ப்ரொடெக்ஷன் மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து, சுருக்கிவிட்டு, பேஜ் ஃபைலையும் ப்ரொடெக்ஷனையும் மறுபடி ஆன் செய்யுங்கள். கிடைத்த இடத்தை அப்படியே 'அன்அலொகேட்டட்' ஆக விட்டுவிடுங்கள். பலர் அழகாக ஒரு டி டிரைவ் உருவாக்கி, அதற்குப் பெயரும் வைத்துவிட்டு, இன்ஸ்டாலருக்கு ஏன் இடம் தெரியவில்லை என்று விழிப்பார்கள்.

சுருக்கும்போது சார்ஜர் மாட்டியிருக்கட்டும். டெஸ்க்டாப் என்றால் யூபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள், அதுவும் மின்வாரியம் உங்கள் ஏரியாவுக்குப் பராமரிப்பு மின்தடை அறிவித்திருக்கும் நாளில்.

சரி, இப்போது பென்டிரைவ். உபுண்டு இன்ஸ்டாலரை எழுத 8 ஜிபி போதும், அதில் ஏற்கெனவே இருப்பது எல்லாம் அழிந்துவிடும். பூட் மெனுவில் அதே பென்டிரைவ் இரண்டு முறை தெரிந்தால், யூஈஎஃப்ஐ (இப்போதைய பூட் முறை) என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் யூஈஎஃப்ஐ முறையிலும் லினக்ஸ் பழைய லெகசி முறையிலும் உட்கார்ந்தால் ஒரே மெனுவில் இரண்டும் வராது.

இன்ஸ்டாலரில் கவனமாக நிற்க வேண்டிய திரை ஒன்றே ஒன்று. 'விண்டோஸ் பூட் மேனேஜருடன் சேர்த்து உபுண்டுவை நிறுவு' என்று ஒரு வரி, பக்கத்திலேயே 'டிஸ்க்கை அழித்து உபுண்டுவை நிறுவு' என்று இன்னொரு வரி. இரண்டாவதைச் சொடுக்கிவிட்டுத் தங்கச்சி கல்யாண போட்டோக்களை இழந்த ஒருவரை எனக்குத் தெரியும். முதல் வரி கண்ணிலேயே படவில்லை என்றால் இரண்டாவதுக்குப் போகாதீர்கள், வெளியே வாருங்கள். விண்டோஸை இன்ஸ்டாலரால் அடையாளம் காண முடியவில்லை என்று அர்த்தம். டிஸ்க்கே தெரியவில்லை என்றால் டிஸ்க்கைக் கையாளும் இன்டெலின் ஆர்எஸ்டி அமைப்பு காரணமாக இருக்கலாம். அதற்காக பயாஸில் நேரடியாக ஏஎச்சிஐ என்ற பொதுவான முறைக்கு மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாமல் போகும். முதலில் விண்டோஸை சேஃப் மோடில் பூட் ஆகும்படி அமைத்துவிட்டு, அப்புறம் மாற்ற வேண்டும்.

மேனுவலாகப் பார்ட்டிஷன் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டியலில் 100 எம்பிக்குச் சின்னதாக ஒரு ஃபேட்32 பார்ட்டிஷன் தெரியும். குப்பை மாதிரி இருக்கும். விண்டோஸ் பூட் ஆவதற்கான ஃபைல்கள் அதில்தான் இருக்கின்றன. லினக்ஸும் அதையே பயன்படுத்திக்கொள்ளும். ஃபார்மட் மட்டும் செய்துவிடாதீர்கள்.

இவ்வளவு தலைவலி வேண்டாம் என்றால், டெஸ்க்டாப்காரர்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சின்னதாக ஒரு எஸ்எஸ்டி வாங்கி லினக்ஸை அதில் தனியாகப் போட்டுக்கொள்ளலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் இன்ஸ்டால் செய்யும்போது விண்டோஸ் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பூட் ஃபைல்களை அது பழைய டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கக்கூடும்.

எல்லாம் முடிந்து, மறுநாள் காலை பத்து மணிக்கு விண்டோஸைத் திறந்தால் கடிகாரம் நாலரை காட்டும். வைரஸ் இல்லை, பேட்டரியும் போகவில்லை. மதர்போர்டு கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. நமக்கு வித்தியாசம் ஐந்தரை மணி நேரம். உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள் என்று லினக்ஸுக்குச் சொல்ல ஒற்றை வரிக் கட்டளை இருக்கிறது.

கொஞ்ச நாளில் லினக்ஸே வேண்டாம் என்று தோன்றலாம். தமிழக அரசு 2011இல் கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் இருந்தது. பூட் மெனுவில் அந்த லினக்ஸை ஒரு தடவைகூடத் தேர்ந்தெடுக்காதவர்கள் என் சொந்தத்திலேயே நாலு பேர். ஆனால் விண்டோஸிலிருந்து லினக்ஸ் பார்ட்டிஷனை நேரடியாக அழித்தால், அடுத்த முறை கறுப்புத் திரையில் 'க்ரப்' (லினக்ஸ் வைத்த பூட் மெனுவின் பெயர்) என்ற ஒரு சொல் மட்டும் நின்று கண் சிமிட்டும். முதலில் பயாஸுக்குப் போய் பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே ஏற்றுங்கள். ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்து, நேராக விண்டோஸ் வருகிறதா பாருங்கள். வந்த பிறகு அழியுங்கள்.