ஷார்ட்ஸ்டாப்பின் காலைப் பாருங்கள்

வேலைக்காகத் தென்கொரியாவின் தேகு நகருக்கு வந்த புதிதில், பேஸ்பால் பார்க்கப் போனேன். பொரித்த கோழி தின்றதுதான் மிச்சம். ஆட்டம் ஒன்றும் புரியவில்லை. பந்தின் பின்னாலேயே கண்ணை ஓட்டியதுதான் நான் செய்த தப்பு. ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டு அவர் வழியாக ஆட்டத்தைப் பாருங்கள், புரிந்துவிடும். எனக்கு அந்த ஆள் பார்க் ஜின் மான். இன்று எங்கள் ஊர் சாம்சங் லயன்ஸ் அணியின் மேலாளர், அதாவது தலைமைப் பயிற்சியாளர். அன்று ஷார்ட்ஸ்டாப்.

பேட்டர் அடித்துவிட்டு வரிசையாக ஓடித் தொட வேண்டிய மூலைகள்தான் பேஸ். ஷார்ட்ஸ்டாப் என்ற ஃபீல்டர் நிற்பது இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில். வலக்கை பேட்டர் இழுத்து அடிக்கும் தரைப்பந்து பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் வரும். கொரிய மொழியில் இந்த இடத்துக்கு வைத்திருக்கும் பெயரின் பொருள், சுற்றித் திரிந்து தாக்குபவர். முதல் பேஸுக்குப் பேட்டர் ஓட வேண்டியது 27 மீட்டர் சொச்சம், நாலேகால் விநாடி போல ஆகும். அதற்குள் பந்தை எடுத்து, காலைத் திருப்பி, முதல் பேஸுக்கு எறிந்தால்தான் அவர் அவுட். கிரிக்கெட்டில் ஒருமுறை தடுமாறினால் ஒரு ரன்னோடு போகும். இங்கே ஆளே பேஸில் ஏறி உட்கார்ந்துவிடுவார்.

முதலில் வீட்டில் உட்கார்ந்தே ஒரு வீடியோ பாருங்கள்: 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதிப் போட்டியின் கடைசிப் பந்து. கியூபாவுக்கு எதிராகக் கொரியா 3-2 என்று முன்னிலை. ஒன்பதாவது இன்னிங்ஸ், ஒருவர் அவுட், மூன்று பேஸிலும் கியூபா ஆள். பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கொரிய கேட்சர் நடுவரோடு வாதாடி வெளியேற்றப்பட்டிருந்தார். கியூபாவின் யூலி குரியேல் அடித்த பந்து தரையோடு பார்க்கிடம் வந்தது. அவர் இரண்டாம் பேஸுக்குக் கொடுக்க, அங்கிருந்து முதல் பேஸுக்குப் போனது. ஒரே பந்தில் இரண்டு அவுட். மொத்தம் மூன்று ஆனதால் ஆட்டம் முடிந்தது, கொரியாவுக்குத் தங்கம்.

இதை மூன்று தடவை ஓட விடுங்கள். முதல் தடவை பந்தை, இரண்டாம் தடவை பார்க்கின் காலை, மூன்றாம் தடவை முகத்தை. பாயவில்லை, உருளவில்லை. பந்து வரும் இடத்துக்கு முன்பே போய் நின்றுகொண்டு, வழக்கமான காரியம் போல முடித்துவிடுகிறார். பாய்ந்து பிடிப்பவருக்குக் கைதட்டல் அதிகம் கிடைக்கும். பாய வேண்டிய அவசியமே வராமல் நிற்பவர்தான் என் கணக்கில் பெரிய ஆள்.

அப்புறம் அவர் எங்கே வளர்ந்தார் என்று பாருங்கள். இஞ்சியோன் நகரத்துக்காரர், 1996-இல் ஹூண்டாய் யூனிகார்ன்ஸ் அணியில் சேர்ந்தார். அங்கே மேலாளர் கிம் ஜே பாக், தன் காலத்துப் பெரிய ஷார்ட்ஸ்டாப். 2005-இல் சாம்சங்குக்கு வந்தபோது பயிற்சியாளர் குழுவில் ரியூ ஜுங் இல். அவரும் பழைய ஷார்ட்ஸ்டாப். பட்டறையில் கைமாறும் தொழில் மாதிரி இருக்கிறது இல்லையா? 2006 கொரியன் சீரிஸின், அதாவது லீக்கின் இறுதித் தொடரின், சிறந்த வீரர் பார்க்தான். கடைசியில் இஞ்சியோனுக்கே திரும்பி, எஸ்.கே. அணியில் ஆடினார். 2015-இல் முழங்கால் அடிபட்டு ஓய்வு பெற்றபோது மொத்தம் 1,993 ஆட்டங்கள். இரண்டாயிரத்துக்கு ஏழு பாக்கி! எனக்கு இன்னும் ஆறவில்லை.

பயிற்சியாளராகச் சில வருடம், சாம்சங்கின் இரண்டாம் அணியில் சில மாதம், 2022 ஆகஸ்டில் முதலணிக்குத் தற்காலிக மேலாளர், அடுத்த சீசன் முதல் நிரந்தரம். 2024-இல் அணி கொரியன் சீரிஸ் வரை போய் கியா அணியிடம் தோற்றது.

இனி மைதானம். தேகுவில் மூன்றாம் பேஸ் பக்கம் உள்ளூர் ரசிகர்களுடையது. எல்லோரும் எழுந்து பாடுவார்கள். ஜாலிதான், ஆனால் முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும். முதல் பேஸ் பக்கம் டிக்கெட் எடுங்கள். ஷார்ட்ஸ்டாப் உங்களைப் பார்த்துத்தான் எறிவார். எதிரணி ரசிகர்கள் நடுவே சாம்சங்கின் நீலச் சட்டை மட்டும் வேண்டாம்.

கதவு திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். உள்ளூர் அணி பயிற்சியை முடித்திருக்கும், வந்த அணியின் பயிற்சி நடந்துகொண்டிருக்கும். பயிற்சியாளர் தரைப்பந்தாக அடித்துக்கொடுக்க, ஷார்ட்ஸ்டாப் திரும்பத் திரும்ப எடுத்து எறிவார். அதைப் பத்து நிமிடம் பாருங்கள், கால் எந்தத் தாளத்தில் விழுகிறது என்று பிடிபடும்.

ஆட்டம் தொடங்கியதும், பந்தை எறியும் பிட்சர் கையைத் தூக்கும்போது பேட்டரைப் பார்க்காதீர்கள். சாம்சங்கின் ஷார்ட்ஸ்டாப் லீ ஜே ஹியூன் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். இடக்கை பேட்டர் வந்தால் இரண்டாம் பேஸை ஒட்டி நகர்கிறாரா? முதல் பேஸில் ஆள் இருந்தால் சற்று முன்னே வருகிறாரா? நான் சின்ன நோட்டு கொண்டுபோய், ஒவ்வொரு பேட்டருக்கும் அவர் நின்ற இடத்தில் புள்ளி வைப்பேன். ஐந்தாவது இன்னிங்ஸுக்குள் பக்கம் நிரம்பிவிடும். கோழியை அதற்கப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.