உள்கோப்புறையில் நிறுவிய வேர்ட்பிரஸை முகப்பு முகவரியில் திறக்க வைப்பது எப்படி?

ஹோஸ்டிங் கணக்கில் உள்ள தானியங்கி நிறுவியைப் பயன்படுத்தும்போது கவனிக்காமல் விட்டால், இணையதளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸ் பல நேரங்களில் ‘டபிள்யூபி’ என்ற உள்கோப்புறைக்குள் போய் உட்கார்ந்துவிடும்; டொமைன் பெயருக்குப் பின்னால் சாய்கோடிட்டு அந்தப் பெயரையும் தட்டினால்தான் தளம் திறக்கும். இதைச் சரிசெய்யக் கோப்புகளை இடம் மாற்ற வேண்டியதில்லை.

முதலில் தரவுத்தளத்தையும் கோப்புகளையும் காப்புப்பிரதி எடுத்துக்கொண்டு, நிர்வாகப் பக்கத்தின் அமைப்புகளில் ‘பொது’ பகுதியைத் திறங்கள். அங்குள்ள இரண்டு முகவரிகளில் வேர்ட்பிரஸ் முகவரி என்பது கோப்புகள் இருக்கும் இடம். தள முகவரி என்பது வாசகர் வந்து சேரும் வாசல். முன்னதைத் தொடாமல், பின்னதிலிருந்து மட்டும் ‘/டபிள்யூபி’யை நீக்கிச் சேமியுங்கள். இப்போது தளம் திறக்காவிட்டால் பதற வேண்டாம், பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

அடுத்து, உள்கோப்புறையிலுள்ள இண்டெக்ஸ்.பிஎச்பி கோப்பை டொமைனின் மூலக் கோப்புறைக்கு (டொமைன் பெயரை மட்டும் தட்டினால் திறக்கும் கோப்புறைக்கு) நகலெடுங்கள். வெட்டி ஒட்டிவிடக் கூடாது. நகலின் கடைசி வரியில் ‘/டபிள்யூபி-பிளாக்-ஹெடர்.பிஎச்பி’ என்றிருப்பதை ‘/டபிள்யூபி/டபிள்யூபி-பிளாக்-ஹெடர்.பிஎச்பி’ என மாற்றுங்கள். கோப்பில் இவை ஆங்கில எழுத்துகளில் இருக்கும் என்பதாலும், லினக்ஸ் சர்வர் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறாகவே பார்க்கும் என்பதாலும், கோப்புறையின் பெயரை உள்ளபடியே எழுத வேண்டும். முதல் சாய்கோட்டை விட்டுவிடாதீர்கள்.

பிறகு, மாறாமல் இருக்கும் பழைய நிர்வாக முகவரி வழியாகவே உள்நுழைந்து, ‘நிரந்தர இணைப்புகள்’ பக்கத்தில் எதையும் மாற்றாமல் சேமியுங்கள். மூலக் கோப்புறையில் எழுத அனுமதி இருந்தால், அப்பாச்சி என்ற வகை சர்வருக்குத் தேவையான விதிகள் அங்குள்ள .எச்டிஅக்சஸ் என்ற அமைப்புக் கோப்பில் தாமாகவே பதிந்துவிடும். முகப்பு திறந்தும் பதிவுகள் 404 (பக்கம் இல்லை) என்ற பிழையைக் காட்டினால், பெரும்பாலும் இந்தப் படிதான் விடுபட்டிருக்கும். முகப்பே மாறவில்லையென்றால், ஹோஸ்டிங் நிறுவனம் வைத்த இண்டெக்ஸ்.எச்டிஎம்எல் கோப்பு மூலக் கோப்புறையில் கிடக்கிறதா என்று பார்த்து, அதன் பெயரை மாற்றுங்கள்.

தவறிப்போய் இரண்டு முகவரிகளையும் மாற்றிவிட்டால் உள்நுழையவே முடியாது. அப்போது டபிள்யூபி-கான்ஃபிக்.பிஎச்பி கோப்பில் ‘டபிள்யூபி_ஹோம்’ (WP_HOME) என்ற மாறிலிக்குத் தள முகவரியையும், ‘டபிள்யூபி_சைட்யுஆர்எல்’ (WP_SITEURL) என்ற மாறிலிக்கு வேர்ட்பிரஸ் முகவரியையும் வரையறுத்தால், தரவுத்தளத்தில் என்ன இருந்தாலும் வேர்ட்பிரஸ் இவற்றையே எடுத்துக்கொள்ளும்.