மூளைக் கட்டி அறிக்கையில் ‘கிளையோமா’ என்றிருந்தால் எப்படிப் படிப்பது?

தென்காசி, அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில் பக்கங்களிலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பலர், ‘ஓமா’ என்று முடியும் சொல்லை அறிக்கையில் கண்டதுமே புற்றுநோய் என்று முடிவுகட்டிக் கலங்கிப் போகிறார்கள். கலங்குவதற்கு முன் அந்தப் பெயரைக் கடைசியிலிருந்து பிரித்துப் படியுங்கள்.

‘ஓமா’ என்னும் கிரேக்க விகுதி பெரும்பாலும் கட்டியைக் குறிக்கும். எல்லாக் கட்டியும் புற்றாகாது. பைக்கிலிருந்து விழுந்தவரின் ஸ்கேனில் வரும் ‘ஹீமடோமா’ இரத்தத் தேக்கம்தான். ‘டியூபர்குலோமா’ காசநோய்க் கிருமியால் வருவது. நம் நாட்டில் அரிதன்று, பெரும்பாலும் காசநோய் மருந்துகளுக்கே கட்டுப்படும்.

அடுத்து முன்பகுதி. ‘கிளையா’ என்றால் கிரேக்கத்தில் பசை. நரம்பணுக்களுக்கு இடையிலுள்ள திசு அவற்றை ஒட்டிப் பிடித்திருக்கிறது என்று கருதிய ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோ, 1856இல் அதை ‘நியூரோகிளையா’ என்றும், அதில் எழும் கட்டியை 1860களில் ‘கிளையோமா’ என்றும் அழைத்தார். நரம்பணுக்களுக்கு ஊட்டம் தருவதும் நரம்பிழைகளுக்கு உறையிடுவதும் இந்தத் திசுவிலுள்ள அணுக்களே (செல்கள்) என்று பின்னாளில் தெரிந்தபோதும் பெயர் மாறவில்லை. இவற்றுள் விண்மீன் வடிவ அணுவில் எழுவது ‘அஸ்ட்ரோசைட்டோமா’. 1922இல் ஹார்வி குஷிங் பெயரிட்ட ‘மெனிஞ்சியோமா’ மூளையைப் போர்த்திய சவ்வில் எழுவது. பெரும்பாலும் மெதுவாக வளரும், புற்றல்லாத கட்டி.

பெயருக்குப் பின் 1 முதல் 4 வரை ஒரு ‘கிரேடு’ எண் இருக்கும். மிக அதிகமாகத் தவறாகப் படிக்கப்படுவது இதுதான். கிரேடு 4 என்பதை ‘நாலாவது ஸ்டேஜ்’ என்று சொல்லி, உடம்பெங்கும் பரவிவிட்டதாக வீட்டார் அழுவதுண்டு. கிரேடு என்பது கட்டியின் வேகத்தைச் சொல்வது, பரவலை அன்று. கிளையோமா மூளை, தண்டுவடத்துக்கு வெளியே பரவுவது மிக அரிது. ஆனால் கிரேடு 4 ஆன ‘கிளையோபிளாஸ்டோமா’ கடுமையான நோய்தான். அதை வீட்டாரிடம் மறைப்பது சரியன்று.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வகைப்பாட்டின்படி, பெரியவர்களுக்கு வரும், சுற்றியுள்ள மூளைத் திசுவுக்குள் ஊடுருவி வளரும் கிளையோமாக்களில் ‘ஐ.டி.எச்.’ என்னும் மரபணு மாறியிருக்கிறதா இல்லையா என்று தெரிந்தால்தான் பெயர் முழுமையாகும். அறிக்கையில் அது இல்லையெனில் மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டாம் கருத்துக்கு மதுரைக்கோ சென்னைக்கோ போவதானால், பயாப்ஸிக்காக எடுத்த திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு ‘பிளாக்’கையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். தாளை மட்டும் கொண்டுபோனால் அங்கே திசுவை மறுபடி பார்க்க வழியிருக்காது.